இரண்டாம் வண்டியின் முறை

15 ஆகஸ்டு 1996, வியாழன்

உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரி எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கும் எழுதாவிட்டால், பின்னால் சரித்திரம் எழுத வருகிறவன் தேதி தெரியாமல் தடுமாறிப் போவான். ஆகையால் எழுதுகிறேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு, காங்கயத்திலிருந்து மூலக்காட்டுப்புதூர் போகும் எங்கள் முதலாளியின் ஒண்ணாம் வண்டியில், நான் செய்த சுருள் போர்டு ஓட ஆரம்பித்தது. தமிழ்நாட்டிலேயே முதல். இந்தியாவிலேயே என்றுகூடச் சொல்லலாம். பம்பாயில் ஒன்று இருப்பதாகக் கேள்வி என்பதால் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரைவர் முதுகுக்குப் பின்னால், உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் பார்க்கிற இடத்தில், ஒரு தகரப் பெட்டி. உள்ளே மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை. இரண்டிலும் சுற்றிய காடாத் துணியில் பதினான்கு ஸ்டாப்பின் பேரும் கறுப்பு எழுத்தில் வரிசையாக இருக்கும். முன்னால் கண்ணாடி, பின்னால் பல்பு. பெட்டியிலிருந்து ஒரு கயிறு கூரையோடு ஓடி, பின்வாசலில் கண்டக்டர் கைக்கு எட்டுகிற மாதிரி தொங்கும். ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே பல்சக்கரம் நகர்ந்து துணி உருளும், அடுத்த பேர் வந்து நிற்கும். திரும்பி வரும்போது ஒரு கொக்கியை மாற்றிப் போட்டால் எதிர்ப்பக்கம் உருளும்.

இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று முதலாளியே கேட்டார். டூரிங் டாக்கீஸில் பதினெட்டு வருசம் ஆபரேட்டராக இருந்தவனுக்குச் சுருள் என்ன பெரிய விசயமா என்றேன்.

"ஆபரேட்டர் இல்லீங்க. ஓடி முடிஞ்ச ரீலத் திருப்பிச் சுத்தி வெக்கறவரு" என்று என் சம்சாரம் வள்ளியாத்தாள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். நல்ல நாளில்தான் இவளுக்கு வாய் நீளும்.

நானூறு பேர் கூடியிருந்தார்கள். நாற்பது என்கிறாள் அவள், அதிலும் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நின்றவர்களாம்.

கண்டக்டர் பொங்கியண்ணன் முப்பது வருச சர்வீஸ்காரர், லேசில் எதையும் நம்ப மாட்டார். "இந்தக் கயித்த எப்பங்க இழுக்கறது?" என்றார்.

"கெளம்பறப்ப இழுங்க. விசில் ஊதி, வண்டி நகந்ததும் ஒரு இழுப்பு. அடுத்து வரப்போற ஊரு முன்னாலயே தெரிஞ்சு போகும். பம்பாய்ல இப்படித்தான்."

நான் பம்பாய் போனதில்லை. பொங்கியண்ணனும் போனதில்லை. ஆகவே சரியாகப் போயிற்று.

பெட்டியின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டில் "தயாரிப்பு: செ. சென்னியப்பன்" என்று போட்டிருக்கிறேன். தூரத்திலிருந்தும் தெரிகிறது.

19 ஆகஸ்டு

ஜனங்கள் அதற்கு "சினிமாப் பெட்டி" என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைத்துவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. பல்சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன்.

27 ஆகஸ்டு

ஒண்ணாம் வண்டியில் சாயந்திரம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். முன் சீட்டில் ஒரு புள்ளை, இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தது. பொங்கியண்ணன் என்னைக் காட்டி, கையால் சுற்றுகிற மாதிரி ஏதோ ஜாடை செய்தார். உடனே அது எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கியது, ஓட்டுக் கேட்க வந்தவர்கள் குலுக்குகிற மாதிரி. வாய் பேசவில்லை.

பேர் செண்பகமாம். பூசாரிவலசுப் பிரிவில் இறங்குகிறது. காங்கயத்தில் கொப்பரைக் களத்தில் வேலை. பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதவர்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருக்கிறது.

"இத்தன நாளா ஆத்தாக்காரி கூடவே வந்து கூடவே போவாங்க" என்றார் பொங்கியண்ணன். "நான் ஊரு பேரு கத்துறது இதுக்குக் கேக்காது. மழைக்காலத்துல படுதாவ எறக்கிட்டா வெளிய எந்த ஊருன்னும் தெரியாது. உங்க பெட்டி வந்தப்புறம் பத்து நாளாத் தனியா வருது."

பார்த்தாயா வள்ளியாத்தாள் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் முதல் முறையாக எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

29 ஆகஸ்டு

ரெண்டாம் வண்டிக்கும் பெட்டி மாட்டியாகிவிட்டது. அதில் கண்டக்டர் என் சொந்தத் தங்கச்சி பாப்பாத்தியின் மகன் குழந்தைவேலு. லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதும் நான்தான். (சேர்த்துவிட்டது முதலாளியின் சம்பந்தி. ஆனால் அவரிடம் பேச்சை எடுத்தது நான்.) ஒண்ணாம் வண்டி காங்கயத்தை விட்டுச் சாயந்திரம் ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பும், ரெண்டாம் வண்டி ஆறரைக்கு. மருமகன் கயிற்றைப் பிடித்துப் பார்த்து, "சூப்பருங்க மாமா" என்றான். படித்த பையன். தரம் தெரியும்.

4 செப்டம்பர்

இன்று ஒரு தமாஷ். ரெண்டாம் வண்டி வேப்பம்புதூருக்கு ஒன்றரை மைல் முன்னால் ஆட்டு மந்தைக்காக நின்றிருக்கிறது. பெட்டியில் "வேப்பம்புதூர்" என்று தெரிகிறது. ஒரு பெரியவர், ஊர் வந்துவிட்டது என்று புண்ணாக்கு மூட்டையோடு இறங்கிவிட்டார். வண்டி போய்விட்டது. வேகாத வெயிலில் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராக முதலாளி வீட்டுக்குப் போனார்.

"ஊரு வர்றதுக்கு முன்னாலயே ஊரு பேரப் போட்டா அது போர்டா, பொய்யா?"

முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார். அரை நிமிசத்தில் வழி சொன்னேன். "நின்ன பொறகு இழுத்தா ஆச்சுங்க. எந்த ஊர்ல நிக்கறமோ அந்தப் பேரு மட்டுந்தான் தெரியும். அடுத்த ஊருல போய் நிக்கற வரைக்கும் அதுவே இருக்கும். ஆடு மாடு குறுக்க வந்தாலும் பொய் இல்லீங்க."

பெரியவருக்கே கோபம் போய்விட்டது. "ரெண்டு வண்டிக்கும் சொல்லீருங்க" என்றார் முதலாளி. சரிங்க என்றேன்.

குழந்தைவேலுவிடம் சொல்லிவிட்டேன். பொங்கியண்ணனிடம் பம்பாய் என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். மூன்றே வாரத்தில் பம்பாய் மாறிவிட்டது என்றால் அந்த மனுசன் சிரித்தே என்னைக் கொன்றுவிடுவார். பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

9 செப்டம்பர்

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது குழந்தைவேலு வந்து கேட்டான்.

"ஏனுங் மாமா, பொங்கியண்ணன் கெளம்பறப்ப இழுக்கறாரு. நான் மட்டும் நின்னப்புறம் இழுக்கறேன். எது சரிங்க?"

எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"வண்டி ரெண்டு, முறை ரெண்டு. ரெண்டும் என்னுதுதான் மாப்ள" என்றேன். கடையே சிரித்தது. நல்ல பதில்தான்.

"ஆளுக வண்டி மாறி ஏறுனா கொழம்பிக்க மாட்டாங்களா?"

"ஜனங்க என்ன ஆட்டு மந்தையா? ரெண்டு நாள்ல பழகிக்கும். நீ மாமன் சொன்னதச் செய்யி."

"சரிங்க மாமா" என்று போனான். மரியாதை தெரிந்த பையன்.

3 அக்டோபர்

ரெண்டு பெட்டிக்கும் எண்ணெய். ரெண்டாம் வண்டியில் பல்பு மாற்றினேன்.

23 அக்டோபர், புதன்

விடியற்காலையிலிருந்து மழை. ஒண்ணாம் வண்டி பிரேக் வேலைக்காக ஒர்க்‌ஷாப் போய்விட்டது. இன்றைக்கு ரெண்டாம் வண்டி மட்டும்தான், நெருக்கடி தாங்காது. வள்ளியாத்தாள் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். ஒன்பது தின்றேன்.

24 அக்டோபர்

செண்பகம் என்கிற அந்தப் புள்ளை செத்துப் போயிற்று.

நேற்றுச் சாயந்திரம் ரெண்டாம் வண்டியில் வந்து, பூசாரிவலசுப் பிரிவில் இறங்காமல் அதற்கு அடுத்த ஸ்டாப் கல்குவாரி முக்கில் இறங்கியிருக்கிறது. அங்கே வீடும் இல்லை, விளக்கும் இல்லை. இறங்கின பிறகுதான் இடம் தெரிந்து, ரோட்டோரமாகத் திரும்பி நடந்திருக்கிறது. பின்னால் வந்த டிப்பர் லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆரன் அடித்திருந்தாலும் கேட்டிருக்காது.

ஏன் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கியது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனையோ காரணம் இருக்கும். தூங்கியிருக்கலாம். கூட்டத்தில் வாசலுக்கு வர முடியாமல் போயிருக்கலாம். விதி என்று ஒன்றும் இருக்கிறது.

பஸ் ஷெட்டுக்குப் போய் ரெண்டாம் வண்டிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பல் ஒன்றுகூடத் தேயவில்லை. துணி இழுபடவில்லை. பெட்டியில் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

குழந்தைவேலு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் புள்ளைக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்க மாமா. பொங்கியண்ணன் வண்டில வர்றதாமா. பூசாரிவலசு பூசாரிவலசுன்னு நான் வாய் கிழியக் கத்துனேன். படுதா எல்லாம் எறக்கியிருந்துச்சு. இருவது பேரு எறங்குனாங்க, டிக்கெட்டு, சில்லறை, மழை. விசில் ஊதிட்டுத்தான் கயிறு நெனப்பு வந்துச்சு. வண்டி நகந்துட்டிருக்கறப்ப இழுத்தேன். அதுவரைக்கும் நால்ரோடுன்னே இருந்த பேரு அப்பத்தான் பூசாரிவலசுன்னு மாறுச்சு."

"ம்."

"அது பெட்டியத்தான் பாத்துட்டு இருந்துச்சு. பேரு மாறுனதும் சோத்துத் தூக்குப்போசியை எடுத்து மடில வெச்சுக்கிச்சு. அடுத்து நின்னதும் எறங்கிப் போச்சு. என்னப் பாத்துச் சிரிச்சுட்டு எறங்குச்சுங்க மாமா."

பல்சக்கரத்தைத் துணியால் துடைத்தேன்.

"பொங்கியண்ணன் வண்டில, நகந்தப்புறம் மாறுற பேருதானுங்க வரப்போற ஊரு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

சாப்பிட்டாயா மாப்ள என்று கேட்டேன். சாப்பிடவில்லை என்றான். வாங்கிக் கொடுத்திருக்கலாம். நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

25 அக்டோபர்

பூசாரிவலசுக்காரர்கள் பிரிவில் உட்கார்ந்து மறியல். ரெண்டாம் வண்டியை மடக்கிக் குழந்தைவேலுவைக் கீழே இழுத்துப் போட்டு அடித்திருக்கிறார்கள். முன்பல் இரண்டு போயிற்று. வலது கை விரல் ஒன்று மடங்கவில்லை. போலீஸ் வந்து அவனைக் காப்பாற்றி, அவன் மேலேயே கேஸ் எழுதியது. கவனக்குறைவாம். ஜாமீனில் விட்டுவிட்டார்கள். கண்டக்டர் லைசென்ஸ் பறிபோகும் என்கிறார்கள், ஜெயிலும் இருக்கலாம் என்கிறார்கள். லாரி கிடைக்கவில்லை.

நான் அங்கே இருந்திருந்தால் பத்துப் பேரைத் தடுத்திருப்பேன். அந்த நேரத்தில் ஷெட்டில் இருந்தேன். ஷெட்டின் கதவைச் சாத்தியிருந்ததால், ஆள் வந்து கூப்பிட்டது சரியாகக் கேட்கவில்லை.

26 அக்டோபர்

முதலாளி என் வீட்டுக்கே வந்தார். இந்தத் தெருவில் வேறு எவன் வீட்டுக்கும் அவர் வந்ததில்லை. காப்பி வேண்டாம் என்றுவிட்டார்.

"சென்னியப்பா, ஸ்டேஷன்ல கேப்பாங்க. ரெண்டு வண்டிக்கும் ஒரே முறை, கெளம்பறப்ப இழுக்கறதுன்னு சொல்லீருங்க. பையன் சோம்பேறித்தனமா நின்ன பொறகு இழுத்துட்டான்னு போயிரும். அந்தப் புள்ளைக்கும் சரியாப் படிக்கத் தெரியாதுன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன்."

"அது எட்டாவது..." என்றேன்.

"எட்டாவதோ பத்தாவதோ. பெட்டி பேரு கெட்டா உங்க பேரு கெட்டுது. வண்டி பர்மிட்டுக்கும் ஆபத்து. பையனுக்குச் சின்ன வயசு, வேற வேல பாத்துக்குவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு என்பது ஒரு ஆளை விடப் பெரியது. இதை நானே யோசித்துச் சொன்னேன்.

வள்ளியாத்தாள் அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி போன பிறகு, "செப்டம்பர்ல அவரு முன்னாலதான அந்த முறையச் சொன்னீங்க?" என்றாள். பொம்பளைகளுக்கு யந்திர விசயம் புரியாது என்றேன்.

28 அக்டோபர்

ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்தேன். வக்கீல் மாதிரி பேசினேன். என் கையெழுத்தைப் பார்த்து ஏட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். குழந்தைவேலு "மாமாதான் அப்படி இழுக்கச் சொன்னாரு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம். டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். "அவரு தெனமும் ஆயிரம் சொல்லுவாருங்க. யாரு காதுல வாங்கறா?" என்று டீ மாஸ்டர் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று.

ஆனாலும் அந்த ஆள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

29 அக்டோபர்

ரெண்டு பெட்டியிலும் என் பேர் எழுதியிருந்த பெயிண்ட் வெளிறிப் போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டேன்.

2 நவம்பர்

பாப்பாத்தி வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றேன். நீ சொன்னியா, சொல்லலியா?"

"அது வந்து பாப்பாத்தி, யந்திரம்னா..."

"யந்திரத்தக் கேக்கல. எம் பையன் பொய் சொல்றானான்னு கேக்கறேன். அவங்கப்பா அவன் மொகத்தைப் பாக்க மாட்டேங்கறாரு. ஒரு உசுரக் கொன்னுபோட்டு மாமன் மேல பழியப் போடறியாடான்னு கேக்கறாரு. நீ ஒரு வார்த்த சொல்லு. பொய்யின்னா பொய்யின்னு சொல்லீரு, நான் அவன விட்டர்றேன்."

வாக்குமூலம் என்பது கோர்ட்டு சமாச்சாரம், வெளியில் பேசக்கூடாது, பேசினால் மூணு வருசம் என்றேன். அப்படி ஒரு சட்டம் இருக்கத்தான் வேண்டும்.

அவள் வள்ளியாத்தாளைப் பார்த்து, "வர்றேன் அண்ணி" என்றாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

10 நவம்பர், தீபாவளி

அதிரசம் நன்றாக இருந்தது. வள்ளியாத்தாள் என்னிடம் பேசி எட்டு நாள் ஆகிறது.

13 நவம்பர்

காங்கயத்துக்கு ஆணி வாங்கப் போனவன், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று பூசாரிவலசுப் பிரிவில் இறங்கினேன். அந்தப் புள்ளை வீட்டைத் தேடிப் போகவில்லை. முதல் ஆளிடம் கேட்டதும் காட்டிவிட்டார்கள்.

ஓட்டு வில்லை வீடு. தாயார் ராமாத்தாள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். புருசன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. யாருங்க என்றார். ரேஷன் கார்டில் பேர் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்று என் வாயில் வந்துவிட்டது. உள்ளே போய்க் கார்டை எடுத்துவந்து கொடுத்தார்.

"பேரு ரெண்டுங்க. ஒண்ணு அடிக்கோணும்."

என்னிடம் பேனா இருந்தது. எடுக்கவில்லை.

"அவதானுங்க எனக்குக் காயிதம் எல்லாம் படிப்பா. படிச்சு வெரலு வெச்சுக் காட்டுவா. இப்ப எல்லாரும் அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்கறாங்க. நாலு வருசமாக் கூடவே போய்க் கூடவே வந்தவ நானு. அந்தப் பெட்டி வந்தப்புறம் நீ வராதேன்னுட்டா. சண்ட போட்டா. பெட்டிய வரஞ்சு காட்டுனா. செரி போ கண்ணுன்னு விட்டனுங்க."

சோளத்தைக் கீழே வைத்துவிட்டு, "நான் கூடப் போயிருக்கோணும்" என்றார். "இல்லாட்டி அவளுக்கு நெசமாலுமே படிக்கத் தெரியலியோ என்னமோ. எனக்கு எப்படிங்க தெரியும்? எனக்கே எழுத்துத் தெரியாது."

கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மோர் கொடுத்தார், குடித்தேன். ஆணி வாங்க மறந்துவிட்டேன்.

18 நவம்பர்

நாளன்னிக்கு லைசென்ஸ் விசாரணை. முதலாளி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் இன்னும் நாலு வண்டிக்குப் பெட்டி மாட்டலாம் என்கிறார். சட்டைக்குக் கழுத்து கொஞ்சம் இறுக்கம்.

20 நவம்பர், புதன்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் நான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். யார் என்ன சொன்னாலும் அப்படித்தான்.

விசாரணை செய்தவர் ஒரு ஆபீசரம்மா. முப்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்டவர். மேஜை மேல் ரெண்டாம் வண்டியின் பெட்டி. கயிற்றைக்கூட அவிழ்க்காமல் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முதலாளியும் நானும். எதிர்ப்பக்கம் குழந்தைவேலு, நாலு வாரத்தில் ஆளே பாதியாக இருந்தான். கடைசி நாற்காலியில் ராமாத்தாள். என்னைப் பார்த்ததும், ரேஷன் கார்டு ஆபீசர் இங்கே எப்படி என்பது போல் அவர் முகம் சுருங்கியது.

ஆபீசரம்மா என் வாக்குமூலத்தைப் படித்தார். சரிதானா என்றார். சரிங்க என்றேன்.

(தீர்மானம் மாறவில்லை. சரியான நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அப்புறம் அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து பல்சக்கரத்தைப் பார்த்தார். "இத நீங்களேவா செஞ்சீங்க?"

"நானேதானுங்க."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எஸ்.எஸ்.எல்.சி. வாசப்படி வரைக்கும் போனேனுங்க."

அவர் சிரித்தார். "என் கூடப் படிச்ச இன்ஜினியருங்க யாருக்கும் இது தோணாது" என்றார். அறுபது வயசாகப் போகிறது, ஆபீசர் நாற்காலியில் இருக்கிற ஒருத்தர் என்னிடம் இப்படிச் சொன்னது இன்றைக்குத்தான்.

"சரி, நான் டிரைவர்னு வெச்சுக்கங்க. நீங்க எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்களோ அப்படி இழுத்துக் காட்டுங்க. கிளம்பிட்டோம்."

இழுத்தேன். "நால்ரோடு" போய் "பூசாரிவலசுப் பிரிவு" வந்தது. வெண்ணெய் மாதிரி உருண்டது.

"நின்னுட்டோம்."

சும்மா நின்றேன். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆபீசரம்மா பேனாவைத் தாடையில் தட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கே பெரியவரே. வழியில ஆடு மாடு குறுக்க வந்து வண்டி நின்னுடுச்சுன்னா? பேரு முன்னாடியே தெரியறதால, ஊரு வந்துடுச்சுன்னு ஜனங்க நடுவழியில இறங்கிட மாட்டாங்க? இத நீங்க யோசிக்கலியே."

யோசிக்கவில்லையாம். நான்.

"அதெப்படிங்க யோசிக்காம இருப்பேன்? அதுக்கும் வழி வெச்சிருக்கேனுங்கம்மா" என்றேன். "இது மொத முறை. ரெண்டாவது முறை இருக்குது பாருங்க. வண்டி நின்ன பொறகு இழுக்கறது. நின்ன ஊரு மட்டுந்தான் தெரியும். ஆடு வந்தாலும் சரி, ஆன வந்தாலும் சரி. செப்டம்பர் நாலாந் தேதியே கண்டுபிடிச்சு, அன்னிக்குச் சாயந்திரமே ரெண்டாம் வண்டில போட்டாச்சு. மொதலாளி வீட்லயே வெச்சுத்தான் சொன்னேன், அவரே அசந்து போயிட்டாரு. ஒரே பெட்டி, ரெண்டு முறை. பம்பாய்லகூட ஒரு முறைதானுங்க."

கயிற்றை இழுத்தும் காட்டினேன்.

அப்புறம்தான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் வண்டியில" என்று ஆபீசரம்மா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "செப்டம்பர் நாலு. யார்கிட்ட சொன்னீங்க?"

அந்த இடத்தில் இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது பெரிய வேலையில்லை.

"குழந்தைவேலுகிட்டங்க."

"முதல் வண்டிக் கண்டக்டருக்கு?"

"சொல்லலீங்க."

"ஏன்?"

"சொன்னா சிரிப்பாருங்க."

அவர் எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். பிறகு மருமகனைப் பார்த்து, நீங்க என்ன சொல்றீங்க என்றார். அவனுக்கு முன்பல் இல்லாததால் பேச்சு காற்றாக வந்தது. "மொத நாள்ல இருந்து நான் இதத்தானுங்க சொல்லிட்டிருக்கேன்" என்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லைசென்ஸை இப்போதைக்கு ரத்து செய்யப் போவதில்லை என்றார் ஆபீசரம்மா. போலீசுக்கு எழுதப் போகிறாராம். முதலாளியும் நானும் திரும்ப வர வேண்டும், பொய் வாக்குமூலம் கொடுத்ததற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும் என்றார். முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார்.

எல்லோரும் எழுந்த பிறகு ராமாத்தாள் மேஜைப் பக்கம் வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் போலிருக்கிறது. பெட்டியை நெருக்கத்தில் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

"இதுல எங்க ஊரு பேரு எதுங்க?"

கொக்கியை மாற்றிப் போட்டு ஒரு பல் திருப்பினேன். "பூசாரிவலசுப் பிரிவு" வந்து நின்றது. "இதானுங்க."

"இதுங்களா?" கண்ணாடி மேல் விரலை வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கொண்டு போனார். "அவ ஏறுற வண்டில, கெளம்புனப்புறம் இந்தப் பேரு வந்தா அடுத்து நிக்கறது எங்க ஊரு. அப்படிங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கும் கெளம்புனப்புறந்தான் வந்துச்சுங்களா?"

குழந்தைவேலு சுவரோரத்தில் இருந்தபடியே, "ஆமாங்க ஆத்தா" என்றான்.

"அப்ப எம் புள்ள சரியாத்தான் படிச்சிருக்கா."

அதற்கு ஆமா என்று சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேனா இல்லையா என்று இப்போது நினைவில்லை. அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். கதவு வரை போய்விட்டார்.

"கயித்த விடுங்க பெரியவரே" என்று ஆபீசரம்மா சொன்னார். இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.